டயரில் எழுதியிருப்பது நீங்கள் அடிக்க வேண்டிய காற்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வாகனப் பராமரிப்புக் குறிப்புகள் வந்திருந்தன. எண்ணெய் மாற்றுவது, பேட்டரி பார்ப்பது, வைப்பர் மாற்றுவது எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: பிக்கப், வேன், சிறிய லோரிகளுக்கு டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவுக்குக் காற்று அடித்தால் போதும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் மறுநாளே அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து "பேப்பர்லயே போட்டிருக்காங்க பாருங்கண்ணே" என்று ஒருவர் என்னிடம் காட்டினார்.

நான் பினாங்கு, பிறையில் டயர் வேலை செய்கிறவன். எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் நம்ம ஆட்களுடையதுதான். கல்யாணச் சமையல் வேன், கெனோப்பி ஏற்றும் லோரி, பழைய இரும்பு எடுக்கும் பிக்கப், கேஸ் தோம்பு போடும் லோரி, கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குகிறவர்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை அடிக்கணும்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எத்தனை கிலோ ஏத்துறீங்க?" இதைக் கேட்டதும் சிலருக்கு எரிச்சல் வரும். காற்று அடிக்க வந்தவனிடம் கணக்கு கேட்கிறானே என்று.

கணக்கு இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வேன்களில் அதிகம் பார்க்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம், 195 ஆர் 15 சி, 8 பிளை (பிளை என்பது டயரின் பலத்தைக் குறிக்கும் எண்). பக்கத்தில் 106/104 என்று இருக்கும். 106 என்றால் ஒரு டயர் தனியாக நிற்கும்போது 950 கிலோ தாங்கும், 104 என்றால் லோரியின் பின்பக்கம் போல இரண்டிரண்டாக ஜோடி போட்டால் ஒவ்வொன்றும் 900 கிலோ. அந்த 950 கிலோவைத் தாங்க டயருக்குள் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), அதாவது 450 கிலோ பாஸ்கல் காற்று இருக்க வேண்டும். பக்கவாட்டில் 65 என்று எழுதியிருப்பதன் அர்த்தம் அவ்வளவுதான். உச்சச் சுமை, அந்தச் சுமைக்கு வேண்டிய காற்று. உங்கள் வண்டி அந்தச் சுமையை ஏற்றுகிறதா இல்லையா என்பது டயர் செய்த தொழிற்சாலைக்குத் தெரியாது. அதே டயரை இன்னொருவர் வேறு வண்டியில் மாட்டுவார்.

சரி, காலியாக ஓடும் வேனில் நான்கு டயருக்கும் 65 அடித்தால் என்ன ஆகும்? டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தார்ச்சாலையைத் தொடும். பின்பக்கம் குதிக்கும். சின்னக் குழியில் இறங்கினாலும் இடி நேராக டயரின் நாருக்கும் ரிம்முக்கும் போகும். மழையில் பிரேக் போடும்போது சாலையைப் பிடிக்க ரப்பர் போதாது. நடுவில் மட்டும் வழித்துக்கொண்டு, இரண்டு ஓரமும் புதிதாகவே இருக்கும் டயர்களை நாங்கள் கழற்றிக் கழற்றி அடுக்கி வைக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய டயரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறீர்கள், மீதி குப்பைக்குப் போகிறது.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கத் தப்பு. வீட்டுக் காருக்கு அடிக்கிற பழக்கத்தில் வேனுக்கும் 36 அடித்துக்கொண்டு, அதன்மேல் அண்டா, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, பத்து வேலையாட்கள் என்று ஏற்றுகிறவர்கள். காற்று குறையக் குறைய டயர் தாங்கும் எடையும் குறையும். அதே 195 டயர் 36 பி.எஸ்.ஐ.யில் ஏறக்குறைய 600 கிலோவுக்குத்தான் ஆகும். இப்போது வேனின் பின் அச்சைப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே பின்பக்கம் 700, 800 கிலோ இருக்கிறது என்று வையுங்கள், அதன்மேல் 800 கிலோ சாமான் பின்னால் உட்காருகிறது. மொத்தம் 1,600, ஒரு டயருக்கு 800. 600 தாங்கும் நிலையில் உள்ள டயரில் 800 உட்கார்ந்திருக்கிறது, அதோடு நெடுஞ்சாலையில் 110 ஓட்டுகிறார்கள். 800 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 52, 53 வரும், நான் 55 அடித்துக் கொடுப்பேன். 65 வேண்டாம், 36ம் போதாது.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. டயர் நிறுவனங்கள் ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை காற்றுக்கு இத்தனை கிலோ என்று அட்டவணை போட்டிருக்கின்றன, நல்ல டயர் கடையில் கேட்டால் காட்டுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது எடை மட்டும்தான். வழக்கமாக ஏற்றும் சாமானை ஏற்றிக்கொண்டு ஒரு முறை எடைமேடைக்குப் போங்கள். பழைய இரும்பு வாங்கும் பெரிய இடங்களில் இருக்கிறது, செம்பனை ஆலைகளில் இருக்கிறது. முழு வண்டியை ஒரு தடவை, அப்புறம் பின் சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவை. பின் எடையைச் சக்கரங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அட்டவணையில் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக ஏற்றுகிற பழக்கம் இருந்தால், எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக் கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. லோரி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், கதவிலேயே பி.டி.எம். (BDM), பி.தி.எம். (BTM) என்று இரண்டு எண்களை எழுதி வைத்திருக்கிறீர்களே, சாமானோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம் என்று அனுமதித்த எடை. அதைத் தாண்டி ஏற்றிவிட்டு எத்தனை காற்று அடிப்பது என்று என்னிடம் கேட்டால் பதில் இல்லை. அதிகச் சுமைக்கு அதிகக் காற்று என்று பக்கவாட்டில் உள்ள எண்ணையும் மீறி அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன்.

எடை பார்க்க நேரம் இல்லையா, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டி செய்தவர்கள் ஒட்டியது. வேன், பிக்கப் பலவற்றில் காலி வண்டிக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக இருக்கும். நம் கையில் உள்ள தகவல்களில் அதற்குத்தான் முதல் மரியாதை, அதற்குக் கீழே இறங்கவே கூடாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிகளில் சாயம் அடிக்கும்போது அதையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள், அப்படியானால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

ஆனால் அந்த ஸ்டிக்கர் எழுதப்பட்டது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த டயருக்கு. இங்கேதான் பிக்கப் வைத்திருக்கும் தம்பிகள் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி வரும்போது 265/65 ஆர் 17, 112 என்ற எண் கொண்ட சாதாரண டயர் இருக்கும், 36 பி.எஸ்.ஐ.யிலேயே 1,120 கிலோ தாங்கும். அதைக் கழற்றிவிட்டு, முரட்டுப் பட்டை போட்ட எல்.டி. (LT, லைட் டிரக்) டயர், அதே அளவில் 10 பிளை, 120/117 வாங்கி மாட்டுகிறார்கள். 120 என்றால் 1,400 கிலோ, ஆகவே பலமான டயர், காற்று பழையபடி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த 1,400 கிலோ 80 பி.எஸ்.ஐ.யில். அதே எல்.டி. டயரில் 36 மட்டும் இருந்தால் தாங்குவது 750 கிலோ பக்கம்தான். பலமான டயரை மாட்டிவிட்டு, பழைய டயரைவிடக் குறைவான சுமைக்கு வண்டியைத் தயார் செய்திருக்கிறீர்கள். சமையல் கட்டில் எண்பது பேருக்கு ஆகும் அண்டாவை வைத்துவிட்டு, எட்டுப் பேருக்கு ஆகும் தண்ணீரை ஊற்றி எல்லாருக்கும் சாம்பார் வைப்பது போன்ற காரியம் இது. வேலைக்குப் போய்வரக் காலி வண்டியாக ஓடினால் 40 பக்கம் அடித்து ஓட்டலாம், அட்டவணை பார்த்து. சிமெண்டு, இரும்பு என்று ஏற்றுகிற நாளில் பின் டயர்களுக்கு 50க்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த எல்.டி. டயர்களில் சி (C), டி (D), இ (E) என்று எழுத்து இருக்கும். அமெரிக்க முறையில் வந்தவற்றில் சி என்றால் பெரும்பாலும் உச்சம் 50, டி என்றால் 65, இ என்றால் 80. ஆனால் 195 ஆர் 15 சி என்று அளவின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் சி வேறு, அது வணிக வண்டி டயர் என்பதற்கான அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வேனுக்கு 50தான் உச்சம் என்று வாதாடியவர்களும் இருக்கிறார்கள், அதனால் எழுத்தை விட்டுவிட்டு கிலோவும் பி.எஸ்.ஐ.யும் எழுதியிருக்கும் பொடி வரியைப் படியுங்கள், அதுதான் நம்பகம்.

காற்றைக் கூட்டும்போது வால்வையும் ரிம்மையும் யாரும் நினைப்பதில்லை. சாதாரணக் காரில் இழுத்து மாட்டும் ரப்பர் வால்வு 65க்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. 80 அடிக்கும் டயரில் அதற்கென்று உள்ள உயரழுத்த வால்வோ, நட்டு போட்டு இறுக்கும் இரும்பு வால்வோ இருக்க வேண்டும். டயர் மாற்றும்போது சில ரிங்கிட் வித்தியாசத்துக்காகப் பழைய வால்வையே விடச் சொல்லாதீர்கள். ஸ்போர்ட்ஸ் ரிம் மாற்றுகிறவர்கள் உள்பக்கம் பாருங்கள். ஜப்பானிய முறையில் செய்த ரிம்களில் ஜே.டபிள்யூ.எல். என்று மட்டும் இருந்தால் அது கார் ரிம், பின்னால் ஒரு டி (T) சேர்ந்து ஜே.டபிள்யூ.எல்.-டி (JWL-T) என்று இருந்தால்தான் டிரக் வகை வண்டிக்குச் சோதித்தது. பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு அப்புறம் வெடிப்பு விழுந்ததும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எப்போது அளப்பது என்பதிலும் பெரிய குழப்பம் இருக்கிறது. எல்லா அளவுகளும் குளிர்ந்த டயருக்குத்தான். நம் ஊரில் பனி இல்லை, குளிர்காலம் இல்லை, குளிர்ந்த டயர் என்றால் மூன்று மணி நேரமாவது ஓடாமல் நிழலில் நின்ற டயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு 25 டிகிரி இருக்கும்போது 65 காட்டிய டயர், 20 டிகிரி சூடு ஏறினாலே 70 காட்டும். பட்டர்வொர்த்தில் சாமான் ஏற்றி, பதின்மூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்து, பாயான் லெப்பாஸ் நெரிசலில் நின்று, எண்ணெய் நிலையத்தில் அளந்தால் இன்னும் மேலே காட்டலாம். உடனே பயந்துபோய் காற்றை இறக்கி 65க்குக் கொண்டு வருகிறார்கள். ராத்திரி வண்டி நின்று டயர் ஆறியதும் அது 60க்கும் கீழே போய்விடும். மறுநாள் குறைந்த காற்றில் ஓடும், குறைந்த காற்றில் ஓடுவதால் இன்னும் சூடாகும், மறுபடி அளந்தால் மறுபடி அதிகமாகக் காட்டும், மறுபடி இறக்குவார்கள். தயவுசெய்து சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். அந்த ஏற்றத்துக்கு இடம் விட்டுத்தான் குளிர்ந்த அளவைச் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்த வண்டியில் இடதும் வலதும் வேறு வேறாகக் காட்டும், அதையும் அப்போது சரிசெய்யப் போகாதீர்கள்.

ஜோடி டயர் போட்ட சிறிய லோரிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வெளி டயரைப் பார்க்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், கட்டையால் தட்டுகிறார்கள். உள் டயர் யாருடைய கண்ணிலும் படுவதில்லை, அதன் வால்வைத் தொடக் கை நுழையாது, காற்று அளக்கும் கேஜின் வாய் நுழையாது. எல்.டி. டயர், லோரி டயர் எல்லாம் பக்கவாட்டுத் தடிமனால் நிற்பவை, காற்று பாதி போனாலும் வெளியே பார்க்க முழுதாகவே இருக்கும். உதைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது, கால்தான் வலிக்கும். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 5 பி.எஸ்.ஐ. குறைந்தாலே, காற்று கூடுதலாக உள்ள டயர் தன் பங்குக்கும் மேல் சுமக்கிறது. உள்ளே உள்ளது முற்றிலும் இறங்கிவிட்டால் வெளி டயர் ஒற்றையாக இரண்டு பேர் வேலையைச் செய்கிறது, உள் டயரும் நசுங்கிக்கொண்டு கூடவே சுற்றிச் சூடாகி, புகை வந்தபிறகுதான் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் கையைக் காட்டுவார். வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் வாய் உள்ள லோரி கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போய்ப் பாஸ் ஆகிவிட்டது என்று சொல்லாதீர்கள், அன்றைக்கு வண்டி காலியாகத்தான் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமைக்கு இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்கும் கீழே போய், அதே நிலையில் ஓடிவந்த டயரை, அதாவது 65 தேவைப்படும் இடத்தில் 52க்கும் குறைவாக ஓடியதை, பஞ்சரான டயராகவே நாங்கள் நினைக்க வேண்டும். கழற்றி, உள்ளே பார்த்து, பக்கவாட்டு நார் வெந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காற்று. "அவசரம், அப்படியே அடிச்சு விடுங்கண்ணே" என்று நிற்பார்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் காற்று ஏறும்போதே பக்கவாட்டு ஜிப் திறந்த மாதிரி கிழியும், பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும். இதற்காகத்தான் லோரி டயருக்குக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கிறோம், தாமதம் செய்யவில்லை.

காற்றில் நாலைந்து எண் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைத் தேடிப் படிக்கலாம். ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் பட்டை ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் புரண்டன, ஆகஸ்ட் மாதம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், 270 பேருக்கு மேல் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. வண்டிக்காரர் சொன்ன அளவு 26, டயர்க்காரர் அப்புறம் 30 வேண்டும் என்றார். காற்று மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், டயரிலேயே குறை இருந்தது. ஆனால் குறையுள்ள டயரைக் குறைந்த காற்றும் வெயிலும் வேகமும் சேர்ந்து சீக்கிரம் முடித்துவிட்டன. அதற்குப் பிறகுதான் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அந்த விளக்கும் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் எரியும் என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

நைட்ரஜன் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேஜ் வாங்கலாம். எண்ணெய் நிலைய இயந்திரங்களில் பல சரியாகவே இருக்கின்றன, சிலவற்றின் குழாயைக் கீழே போட்டுப் போட்டு அளவு தவறியிருக்கும், சொந்த கேஜ் இருந்தால் தெரிந்துவிடும். இயந்திரம் கிலோ பாஸ்கலில் காட்டினால் 250 என்பது 36 பி.எஸ்.ஐ., 380 என்பது 55, 450 என்பது 65, 550 என்பது 80. ஸ்பேர் டயரையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், பிக்கப்பின் வயிற்றுக்கடியில் தொங்குவதால் அதை நினைப்பவர் குறைவு, தேவைப்படும் நேரத்தில் அதில் காற்றே இருக்காது. அதற்கு முழுச் சுமை அளவு அடித்து வையுங்கள், இறக்குவது சுலபம், ஏற்றுவதற்குத்தான் நடுவழியில் வசதி இருக்காது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தைப்பூசம் வருகிறது. தேங்காய் ஏற்றிய லோரிகளும், தண்ணீர்ப் பந்தலுக்கு அரிசியும் பானத் தோம்பும் ஏற்றிய வேன்களும் பல ஊர்களிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் வரும், அதில் பாதி வருடம் முழுக்கக் காலியாக ஓடிவிட்டு அந்த ஒரு வாரம் மட்டும் கழுத்துவரை ஏற்றுகிற வண்டிகள். அதற்கு முன் வருகிற ஞாயிறு பதிப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தி, பக்கவாட்டு எண் உச்ச அளவு மட்டுமே, கதவு ஸ்டிக்கரையும் ஏற்றும் எடையையும் பார்த்துக் காலையில் அடியுங்கள் என்று போட்டால் போதும். அட்டவணை வேண்டுமென்றால் வேனுக்கும் பிக்கப்புக்கும் வழக்கமாக வரும் அளவுகளுக்கு நான் எழுதி அனுப்புகிறேன், இடம் இருந்தால் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர் ஒருவர்,
பிறை, பினாங்கு.